எத்தனை பேர் எழுதினாங்க? – ஒரு பழைய குறிப்புக்குத் திருத்தம்

போன வருஷம் இங்கே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். ஒரு அமெரிக்க மாநிலத்தின் கல்வித்துறை வெளியிட்ட எக்செல் கோப்பை எடுத்து, ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவு பண்ணுது, அங்கே எத்தனை சதவீதம் பேர் கணக்குத் தேர்வில் தேறியிருக்காங்க என்று இரண்டையும் ஒரே படத்தில் புள்ளிகளாகப் போட்டேன். முறத்திலிருந்து கொட்டின அரிசி மாதிரி புள்ளிகள் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடந்தன. கோடு ஏதும் தெரியலை. அதிகம் செலவு பண்ற சில சின்ன கிராம மாவட்டங்கள் கடைசி வரிசையில் இருந்தன. "பணத்தைக் கொட்டினால் மார்க் வராது" என்று ஒரு வரியில் முடிச்சு, கைதட்டலும் வாங்கிட்டேன்.

என் குறிப்புகளைத் தவறாமல் படிக்கிற ரொம்பச் சிலரில் என் மாமாவும் ஒருத்தர். முப்பது வருஷத்துக்கு மேல் தொடக்கப்பள்ளி ஆசிரியர். அதில் பாதி ஈராசிரியர் பள்ளியில். இரண்டே ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஃபோன் பண்ணினார்.

"படிச்சேன் மாப்ள. நல்லா இருக்கு. கடைசியா வந்துச்சுன்னு ஒரு மாவட்டம் சொல்லியிருக்கியே, அங்க எத்தனை பேர் எழுதினாங்க?"

"பார்க்கலை மாமா. சதவீதம்தான் எடுத்தேன்."

"அதைப் பார்த்துட்டு எழுதியிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் வீட்டு விஷயம் பேச ஆரம்பிச்சுட்டார்.

போய்ப் பார்த்தேன். அந்தக் குறிப்பு தப்பு. ஒரு இடத்தில் இல்லை, மூன்று இடத்தில் தப்பு. அந்த மூன்றும் நான் மட்டும் பண்ற தப்பு இல்லை, சட்டசபைகளும் பண்ணியிருக்கு, ஊர்கள் தங்கள் பள்ளியை இழந்திருக்கு. அதனால்தான் சத்தமில்லாமல் அந்தக் குறிப்பை நீக்காமல் இந்தத் திருத்தத்தை எழுதுறேன்.

முதலில், பள்ளி மாவட்டம் என்றால் என்ன

நம்ம ஊர் மாவட்டத்தோடு இதைக் குழப்பிக்க வேண்டாம். அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது பள்ளி நடத்துவதற்கென்றே இருக்கிற ஒரு தனி உள்ளாட்சி. பெரும்பாலான இடங்களில் அதுக்குத் தேர்தலில் ஜெயிச்ச ஒரு வாரியம் உண்டு, சூப்பரின்டெண்டெண்ட் என்ற தலைமை அதிகாரி உண்டு, வரி போடும் அதிகாரமும் உண்டு. நாடு முழுக்க சுமார் 13,000 மாவட்டங்கள். ஹவாய் மாநிலம் முழுக்கவே ஒரே மாவட்டம். நியூயார்க் நகரம் போல பல லட்சம் பிள்ளைகள் படிக்கிற மாவட்டமும் உண்டு, மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லாரையும் சேர்த்தாலே நூறு பேர் தேறாத மாவட்டமும் உண்டு. எக்செல் கோப்பில் இரண்டுக்கும் ஒரே ஒரு வரிதான்.

பணம் மூன்று பக்கம் இருந்து வருது. தோராயமா பாதிக்குக் கொஞ்சம் குறைவா மாநில அரசு, கிட்டத்தட்ட அதே அளவு உள்ளூர், மிச்சம் பத்து சதவீதத்தை ஒட்டி மத்திய அரசு. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். உள்ளூர்ப் பணத்தில் பெரும்பகுதி சொத்து வரி. எல்லாச் சிக்கலும் ஆரம்பிக்கிற இடம் இதுதான்.

அர்கன்சா மாநிலத்தை எடுத்துக்குவோம், பின்னால் அங்கேதான் போகப் போறோம். அங்கே சொத்தின் சந்தை மதிப்பில் 20 சதவீதத்தை வரிக்கான மதிப்பா எடுத்துக்குவாங்க. அந்த மதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு "மில்" என்று பேர். 1996-ல் அந்த மாநிலம் அரசியல் சட்டத்தைத் திருத்தி, எல்லா மாவட்டமும் பள்ளிக்காகக் குறைந்தது 25 மில் வரி போடணும் என்று வச்சது. ஒரு லட்சம் டாலர் வீடு என்றால் வரி மதிப்பு 20,000. அதில் 25 மில் என்றால் வருஷத்துக்கு 500 டாலர்.

வரி விகிதம் எல்லாருக்கும் ஒண்ணு. ஆனால் வரி போடுவதற்கு என்ன இருக்கு என்பது ஒண்ணு இல்லை. ஒரு ஊரில் தொழிற்சாலை, மால், பெரிய வீடுகள். இன்னொரு ஊரில் பருத்தி வயலும் பழைய மர வீடுகளும். விவசாய நிலத்தைச் சந்தை விலையில் இல்லாமல், அது தருகிற விளைச்சலின் அடிப்படையில்தான் மதிப்பிடுவாங்க. விவசாயிக்கு அது நியாயம், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வரும்படி குறையும். மேற்கு மாநிலங்களில் இன்னொரு விதம். மாவட்டத்தின் பெரும்பகுதி மத்திய அரசின் காடாக இருக்கும், அதுக்கு வரியே போட முடியாது. அதை ஈடுகட்டத்தான், காட்டு மரம் விற்ற பணத்தில் கால் பங்கை அந்தப் பகுதியின் சாலைக்கும் பள்ளிக்கும் தரணும் என்று 1908-லேயே சட்டம் போட்டாங்க. 1990-களில் மரம் வெட்டுவது பெரிய அளவில் குறைஞ்சபோது அந்தப் பணமும் வத்திப்போச்சு. 2000-ல் வேறொரு சட்டம் போட்டு ஒட்டுப்போட வேண்டி வந்தது.

ஆக, ஒரே விகிதத்தில் வரி கட்டற இரண்டு ஊர்க்காரர்களின் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற பணம் பல மடங்கு வித்தியாசப்படலாம். அந்தப் பள்ளத்தை மாநில அரசின் பணம் கொஞ்சம் நிரப்பும். எவ்வளவு நிரப்பணும் என்பதுதான் ஐம்பது வருஷ வழக்குகளின் விஷயம்.

தப்பு ஒன்று: சதவீதம்

இப்போ மாமாவின் கேள்வி. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். ஒரு கிராமப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் 12 பேர். ஒருத்தர் கூடுதலா தேறினாலோ தவறினாலோ தேர்ச்சி விகிதம் 8 சதவீதத்துக்கு மேல் நகரும். ஒரு பையனுக்குப் பரீட்சை அன்னிக்குக் காய்ச்சல் வந்தால் மாவட்டத்தின் "தரம்" எட்டுப் புள்ளி சரியும்.

இன்னும் ஒரு படி போகலாம். அந்தப் பள்ளியின் கற்பித்தல் எந்த வருஷமும் மாறலை, ஒவ்வொரு பிள்ளைக்கும் தேறுவதற்கு 60 சதவீத வாய்ப்பு என்று வச்சுக்குவோம். அப்பவும் சுமார் ஆறு வருஷத்தில் ஒரு வருஷம் 5 பேரோ அதுக்கும் குறைவாகவோதான் தேறுவாங்க, அதாவது 42 சதவீதம் அல்லது அதுக்கும் கீழே. ஐந்தில் ஒரு வருஷத்துக்கும் கூடுதலா 9 பேரோ அதுக்கு மேலோ தேறுவாங்க, அதாவது 75 அல்லது அதுக்கும் மேலே. ஆசிரியர் அதே ஆசிரியர், பாடம் அதே பாடம். ஒரு வருஷம் "தோல்வியடையும் பள்ளி", இன்னொரு வருஷம் "வியக்கவைக்கும் முன்னேற்றம்". இதே கணக்கை 1,200 பேர் எழுதுகிற மாவட்டத்துக்குப் போட்டால், விகிதம் 60-ஐ விட்டு ஒன்றிரண்டு புள்ளி தள்ளுவதோடு சரி.

இதன் விளைவு ஒண்ணு இருக்கு. மாநிலத்தின் எல்லாப் பள்ளியையும் வரிசைப்படுத்தினால் மேல் நுனியிலும் சின்னப் பள்ளிகள் குவியும், கீழ் நுனியிலும் குவியும். புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் பென்சில்வேனியாவின் 1,662 பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பு மதிப்பெண்களை வச்சு இதைக் காட்டினார். முதல் 50 இடம் பிடிச்ச பள்ளிகளில் 6, மாநிலத்திலேயே ரொம்பச் சின்ன 50 பள்ளிகளைச் சேர்ந்தவை. கடைசி 50-லும் அதே சின்னப் பள்ளிகளில் 9 இருந்தன. அளவுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே இல்லை என்றால் ஒன்றிரண்டுதான் இருக்கணும். "சின்னப் பள்ளிதான் சிறந்தது" என்று நம்பி அறக்கட்டளைகள் கோடிக்கணக்கில் செலவு பண்ணின காலம் அது. மேல் நுனியை மட்டும் பார்த்தவங்க அப்படி நம்பினாங்க. நான் கீழ் நுனியை மட்டும் பார்த்து எதிர்ப்பக்கம் நம்பினேன்.

2002-ல் கையெழுத்தான "எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது" சட்டம் ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு பள்ளியும் இலக்கைத் தொட்டதா என்று கேட்டது. அதே வருஷம் தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டெய்கர் என்ற இரண்டு பொருளியலாளர்கள், வருஷா வருஷம் வருகிற ஏற்ற இறக்கத்தில், முக்கியமா சின்னப் பள்ளிகளில், பெரும்பகுதி இந்தத் தற்செயல்தான் என்று காட்டினாங்க. பரிசும் தண்டனையும் அதன் மேல் கட்டியாச்சு.

இதில் இன்னொரு உள்தப்பும் பண்ணியிருந்தேன். எழுதினவங்க ரொம்பக் குறைவு என்றால், யார் தவறினாங்க என்று ஊரே கண்டுபிடிச்சுடும். அதனால் அந்தக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் போட்டிருப்பாங்க. நான் நட்சத்திரம் இருந்த வரிகளை எல்லாம் "தகவல் இல்லை" என்று நீக்கிட்டேன். அதாவது சின்ன மாவட்டங்களைப் பற்றிப் பேசின குறிப்பில், ரொம்பச் சின்ன மாவட்டங்களே இல்லை.

தப்பு இரண்டு: தலைக்கு எவ்வளவு செலவு

"ஒரு மாணவருக்கு இவ்வளவு செலவு" என்பது பார்க்க நேர்மையான எண். ஆனால் பள்ளிச் செலவில் பல தலை எண்ணிக்கையைக் கேட்டு வராது.

ஒரு சூப்பரின்டெண்டெண்டுக்கு வருஷம் ஒரு லட்சம் டாலர் என்று வச்சுக்குவோம். 3,000 பிள்ளைகள் படிக்கிற மாவட்டத்தில் அது தலைக்கு 33 டாலர். 150 பிள்ளைகள் என்றால் 667 டாலர். கொதிகலன் இருபது பேர் இருந்தாலும் அறுபது பேர் இருந்தாலும் அதே எண்ணெயைத்தான் குடிக்கும். இயற்பியல் ஆசிரியர் ஒன்பது பேருக்கு எடுத்தாலும் ஒரு முழுச் சம்பளம் வேணும். பேருந்து நாற்பது மைல் சுற்றி பதினோரு பிள்ளைகளை ஏற்றிக்கிட்டு வரும். நகரத்தில் அதே டீசலில் ஐம்பது பேர் வருவாங்க.

அதனால் கிராம மாவட்டத்தின் தலைக்கான செலவு அதிகமாத் தெரியும், ஆனால் அந்தப் பணம் வகுப்பறைக்குள் போவதற்கு முன்பே சாலையிலும் கொதிகலனிலும் கரைஞ்சிருக்கும். வேதியியல் ஆய்வகமோ, இரண்டாவது கணக்கு ஆசிரியரோ, உயர்நிலைக் கணிதப் பாடமோ அதில் இருக்காது. என் படத்தில் "நிறையச் செலவு, குறைந்த மார்க்" என்று மூலையில் நின்ன புள்ளிகளில் பல இந்த வகை.

இதை அரசாங்கங்கள் அறியாமல் இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தில், மாணவர் எண்ணிக்கையும் குறைவு, சதுர மைலுக்குப் பத்துப் பிள்ளைகூட இல்லை என்றால் தலைக்கு இவ்வளவு என்று தனி உதவி உண்டு. மத்திய அரசிலும் 600 பேருக்குக் குறைவான கிராம மாவட்டங்களுக்கு ஒரு மானியம் இருக்கு. பல்லாயிரம் டாலர் வரும், ஒரு ஆசிரியர் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட ஆகும். ஏழைப் பிள்ளைகளுக்கென்று மத்திய அரசு தருகிற பெரிய நிதியின் சூத்திரம் வேற மாதிரி. ஏழைப் பிள்ளைகளின் விகிதத்துக்கு மட்டும் இல்லாமல் எண்ணிக்கைக்கும் கூடுதல் எடை போடுது. எண்ணிக்கை பெரிய நகர மாவட்டத்தில்தான் பெரிசா இருக்கும். முக்கால்வாசி ஏழைகள் இருக்கிற சின்ன கிராம மாவட்டம் அங்கே பின்னுக்குப் போயிடும்.

தப்பு மூன்று: மாத்திரையும் காய்ச்சலும்

இதுதான் பெரிய தப்பு. அதிகம் மாத்திரை சாப்பிடறவங்களைக் கணக்கெடுத்தால், அவங்களுக்குத்தான் உடம்பு சரியில்லாமல் இருக்கும். அதை வச்சு "மாத்திரையால்தான் நோய்" என்று சொல்ல மாட்டோம். நான் சொன்னது கிட்டத்தட்ட அதுதான். வறுமை அதிகம் இருக்கிற மாவட்டத்துக்கு மாநிலமும் மத்திய அரசும் கூடுதல் பணம் தருது. வறுமை மார்க்கையும் இழுத்துப் பிடிக்குது. இரண்டையும் ஒரே படத்தில் போட்டால் பணத்தால் பலன் இல்லை என்பது போலத்தான் தெரியும்.

இந்தக் குழப்பத்துக்கு நீளமான வரலாறு உண்டு. 1964 சிவில் உரிமைகள் சட்டத்தின் பேரில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் சுமார் ஆறு லட்சம் பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தி 1966-ல் அறிக்கை வந்தது. மதிப்பெண் வித்தியாசத்தைப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிதான் அதிகம் விளக்குது என்பது அதன் சாரம். அதுக்கப்புறம் எரிக் ஹனுஷெக் 1980-களில் பல ஆய்வுகளைத் தொகுத்து, செலவுக்கும் பலனுக்கும் நிலையான தொடர்பு தெரியலை என்றார். என் குறிப்பு, நான் அறியாமலே, அந்த வரிசையின் கடைசியில் நின்ன மலிவான பிரதி.

இதை எப்படித் தாண்டறது? பிள்ளைகளின் நிலைமைக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்தால் பணம் கூடின இடத்தைத் தேடணும். வழக்குகள் அப்படிப்பட்ட காரணம். ஒரு மாநில உச்ச நீதிமன்றம் நிதிமுறை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னால், அந்த வருஷத்துக்கு அப்புறம் பள்ளிக்குப் போன பிள்ளைக்குக் கூடுதல் பணம், முன்னால் முடிச்சுட்டுப் போன அண்ணனுக்கு இல்லை. கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிகோ மூன்று பேரும் 1955 முதல் 1985 வரை பிறந்தவங்களை 2011 வரை தொடர்ந்த தரவை வச்சு இதைப் பார்த்தாங்க. 2016-ல் வெளியான அந்த ஆய்வின்படி, பன்னிரண்டு பள்ளி வருஷமும் தலைக்கான செலவு 10 சதவீதம் கூடினால், பெரியவங்களானதும் சம்பளம் சுமார் 7 சதவீதம் கூடுது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் சராசரியா கிட்டத்தட்ட அரை வருஷம் கூடுதலாப் படிக்கிறாங்க, வறுமையில் விழும் வாய்ப்பும் குறையுது. ஜூலியன் லாஃபோர்ட்யூன், ஜெஸ்ஸி ராத்ஸ்டைன், டையன் ஷான்சன்பாக் 2018-ல் வெளியிட்ட ஆய்வு தேர்வு மதிப்பெண்ணைப் பார்த்தது. 1990-க்கு அப்புறம் வந்த நிதிச் சீர்திருத்தங்கள் ஏழை மாவட்டங்களின் மதிப்பெண்ணை உயர்த்தியிருக்கு, ஆனால் மெதுவா, வருஷக்கணக்கில்.

"மெதுவா" என்பதைக் கவனிங்க. இந்த வருஷப் பணத்தையும் இந்த வருஷ மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சால் எதுவும் தெரியாது. நான் வச்சது அதைத்தான்.

லேக் வியூ

இனி, இதெல்லாம் வெறும் புள்ளியியல் விவாதம் இல்லை என்று எனக்குப் புரியவைச்ச ஊர். அர்கன்சாவின் கிழக்கு ஓரம், மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில் பிலிப்ஸ் கவுண்டியில் லேக் வியூ. 1930-களில் ரூஸ்வெல்ட் காலத்தில், நிலமில்லாத கறுப்பின விவசாயிகளுக்காக மத்திய அரசு அமைச்ச குடியேற்றம். பருத்தி மண். சின்ன ஊர், சின்னப் பள்ளி மாவட்டம்.

1992-ல் அந்தச் சின்ன மாவட்டம் தன் மாநில அரசு மேலேயே வழக்குப் போட்டது. பொதுவான, தகுந்த, திறமையான இலவசப் பள்ளி முறையை மாநிலம் நடத்தணும் என்று அர்கன்சா அரசியல் சட்டம் சொல்லுது, அது நடக்கலை என்பது வழக்கு. 1994-ல் கீழ் நீதிமன்றம் நிதிமுறை செல்லாது என்றது. சட்டசபை சூத்திரத்தை மாத்தினது, 25 மில் திருத்தம் வந்தது, வழக்கு திரும்ப நடந்தது. 2001-ல் மறுபடியும் செல்லாது. 2002 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கு ஆசிரியர் வருகிறார். லேக் வியூ உயர்நிலைப் பள்ளியின் எல்லாக் கணக்குப் பாடத்தையும் எடுத்தவர் அவர் ஒருத்தர்தான். ஆசிரியர் சான்றிதழ் இல்லாதவர். மாற்று ஆசிரியர் கணக்கில் வருஷத்துக்கு 10,000 டாலர். அது போதாமல் அதே பள்ளியின் பேருந்தை ஓட்டி இன்னொரு 5,000. முக்கோணவியல் வகுப்புக்குப் போதுமான கால்குலேட்டர் இல்லை. காம்பஸ் இல்லை. ஒரே ஒரு கரும்பலகை. பிரிண்டர் வேலை செய்யலை.

இந்தப் பத்தியைப் படிச்சப்போ என் எக்செல் வரி ஞாபகம் வந்தது. இந்தப் பள்ளியின் கணக்குத் தேர்ச்சி விகிதம் அந்த மாதிரிக் கோப்பில் ஒரு எண்ணாக வந்திருக்கும், இல்லை ஒரு நட்சத்திரமாக. அதைப் பார்த்து "செலவு பண்ணியும் பலன் இல்லை" என்று ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து எழுதியிருப்பான்.

தீர்ப்புக்குப் பலன் இருந்தது. மாநிலம் விற்பனை வரியை 0.875 சதவீதப் புள்ளி கூட்டினது. "போதுமான கல்விக்கு எவ்வளவு ஆகும்" என்று நிபுணர்களை வச்சுக் கணக்குப் போட்டாங்க. 500 பிள்ளைகள் இருக்கிற ஒரு மாதிரிப் பள்ளியை எடுத்து, அதுக்கு எத்தனை ஆசிரியர், எத்தனை ஆலோசகர் என்று கூட்டி, 500-ஆல் வகுத்து, 2004-05 கல்வியாண்டுக்குத் தலைக்கு 5,400 டாலர் என்று வந்தாங்க. பள்ளிக்கு எவ்வளவு ஆகும் என்பதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சட்டசபை மறு ஆய்வு பண்ணணும் என்று சட்டமும் போட்டாங்க. பல மாநிலங்கள் இவ்வளவு தூரம் வரலை.

ஆனால் அந்த வகுத்தலைப் பாருங்க. 500 பேர் பள்ளிக்கு 27 லட்சம் டாலர். 200 பேர் பள்ளிக்கு 10 லட்சத்து 80 ஆயிரம். ஒரு தலைமையாசிரியரில் ஐந்தில் இரண்டு பங்கு, ஒரு நூலகரில் ஐந்தில் இரண்டு பங்கு. ஆளை அப்படி வெட்டி வேலைக்கு எடுக்க முடியாது. ஒதுக்குப்புறப் பள்ளிகளுக்குத் தனி உதவி உண்டு என்றாலும், அடிப்படைச் சூத்திரம் சின்ன மாவட்டத்தை மனசில் வச்சுப் போட்டது இல்லை.

இதுக்குச் சட்டசபை கண்ட வழி, சின்ன மாவட்டமே இல்லாமல் பண்றது. ஆளுநர் மைக் ஹக்கபி 1,500 பேருக்குக் கீழே இருக்கும் மாவட்டங்களைச் சேர்க்கணும் என்றார். பெரிய சண்டைக்கு அப்புறம் 350-க்கு வந்து நின்னது. தொடர்ந்து இரண்டு வருஷம் 350 மாணவருக்குக் கீழே போனால் பக்கத்து மாவட்டத்தோடு சேர்ந்தாகணும். 2004-ல் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாவட்டங்கள் மறைஞ்சுபோச்சு.

அதில் ஒண்ணு லேக் வியூ. 2004 ஜூலையில் அது பார்ட்டன்-லெக்சா மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. பன்னிரண்டு வருஷம் வழக்காடி மாநிலத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பணம் வாங்கித் தந்த மாவட்டம், அந்தப் பணம் வரத் தொடங்கின கல்வியாண்டில் இல்லை. வழக்கின் பேரில் மட்டும் இருக்கு.

இணைப்பு தப்பா?

கோபத்தில் ஆமாம் என்று எழுதிட்டுப் போகலாம். அது நாலாவது தப்பாகும். சின்ன மாவட்டம் நடத்துவது செலவு அதிகம் என்பது நிஜம், மேலே நானே கணக்குக் காட்டியிருக்கேன். நியூயார்க் மாநிலத்தின் கிராம மாவட்டங்களை வில்லியம் டன்கம்ப், ஜான் யிங்கர் ஆராய்ஞ்சிருக்காங்க. இணைப்பால் மாணவர் எண்ணிக்கை இரட்டிப்பானால், மாறுதல் செலவுகளைக் கழிச்ச பிறகும், 300 பேர் மாவட்டத்தில் தலைக்கான செலவு சுமார் 31 சதவீதம் குறையுது. 1,500 பேர் மாவட்டத்தில் அது சுமார் 14 சதவீதம். ரொம்பச் சின்ன மாவட்டத்துக்குத்தான் லாபம் அதிகம். அந்தக் கணக்கு ஆசிரியரிடம் படிச்ச பிள்ளைக்கு, பெரிய பள்ளியில் சான்றிதழ் உள்ள ஆசிரியர் கிடைக்கலாம்.

ஆனால் அந்த 31 சதவீதத்துக்குள் வராத செலவு இருக்கு. ஆறு வயசுப் பிள்ளை பேருந்தில் உட்காரும் நேரம் வராது. ஊர்க்காரங்களுக்கு இருந்த வாரியத் தேர்தல் வராது. பெரிய மாவட்ட வாரியத்தில் அந்த ஊருக்கு ஒரு ஓட்டு கிடைச்சால் அதிகம். பல கிராமங்களில் பள்ளி மாவட்டம்தான் பெரிய முதலாளி, சமையல்காரர் முதல் ஓட்டுநர் வரை அதன் சம்பளத்தில்தான் குடும்பம் நடத்துறாங்க. இணைச்ச பிறகு ஊர்ப் பள்ளிக் கட்டடத்தை மூடினால் அவங்களும் பின்னாடியே கிளம்புவாங்க. அர்கன்சாவே இதை ஓரளவு உணர்ந்து, 350-க்குக் கீழே போன மாவட்டமும் நல்லா நடந்தால் விலக்குக் கேட்கலாம் என்று 2015-ல் சட்டத்தைத் தளர்த்தினது. லேக் வியூவுக்கு அது பதினோரு வருஷம் தாமதம்.

இணைக்கலாமா கூடாதா என்பது ஊர் ஊராகப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. 350 என்ற ஒற்றை எண்ணோ, 12 பேர் எழுதின ஒரு வருஷத்துத் தேர்ச்சி விகிதமோ அந்த முடிவை எடுக்க முடியாது என்பது மட்டும் எனக்குத் தெளிவு.

பழைய குறிப்பை என்ன பண்ணினேன்

நட்சத்திர வரிகளைத் திரும்பச் சேர்த்தேன். ஐந்து வருஷ முடிவுகளை மொத்தமாகக் கூட்டி, ஒவ்வொரு புள்ளியையும் எழுதினவர் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் வரைஞ்சேன். பேருந்துச் செலவைத் தனியாப் பிரிச்சேன். கடைசி வரிசையில் நின்னவற்றில் பல நடுவுக்கு வந்துடுச்சு. மேல் வரிசையில் நான் பாராட்டினவையும் வந்துடுச்சு. பணத்துக்கும் மார்க்குக்கும் என்ன தொடர்பு என்று இப்பவும் அந்தப் படம் சொல்லலை. சொல்லவும் முடியாது, ஏன் முடியாது என்பதுதான் மூன்றாவது தப்பு. பழைய முடிவு வரியை அடிச்சுட்டு, அதுக்குக் கீழே இந்தத் திருத்தத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கேன்.

முடிச்சதும் மாமாவுக்கு ஃபோன் பண்ணி லேக் வியூ கதையைச் சொன்னேன். முழுசாக் கேட்டார்.

"கேஸ் ஜெயிச்சு ஸ்கூல் போச்சா?" என்றார். "நாங்க ஜூன் மாசம் ஆனா வீடு வீடாப் போயி புள்ளைங்கள சேர்க்கச் சொல்லிக் கெஞ்சுவோம். ஒரு வருஷம் ரெண்டு குடும்பம் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டாங்க. நாலு புள்ளைங்க போச்சு. அந்த வருஷம் இன்ஸ்பெக்ஷன் வந்தவரு, எண்ணிக்கை ஏன் குறைஞ்சதுன்னு என்னைக் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"எத்தனை பேர்ல நாலு பேருன்னு கேளுங்க சார்னேன்."